ஆபீஸ் போன் சர்வருக்குக் குறைந்த செலவில் பேக்கப்: டர்பன் சிறு வணிகங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சொந்த சர்வரில் ஃப்ரீபிபிஎக்ஸ் (ஆபீஸ் போன்களை இயக்கும் மென்பொருள்) ஓட்டுகிற, 10 முதல் 40 எக்ஸ்டென்ஷன் (உள் எண்) வரை உள்ள அலுவலகங்களுக்காக இதை எழுதுகிறேன். சாட்ஸ்வர்த்தில் உதிரிபாகக் கடை, ஃபீனிக்ஸில் டாக்டர் கிளினிக், டொங்காட்டில் மொத்த வியாபாரம், இரவு பகல் போன் எடுத்தே ஆக வேண்டிய ஈமச்சடங்கு சேவை என்று பல இடங்களில் இதே அமைப்புதான் ஓடுகிறது. ஜோகன்னஸ்பர்க், லெனேசியா பக்கம் இருப்பவர்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். முதல் நாளே கிளவுட் கணக்கு திறந்துவிடுகிறார்கள். எதை அனுப்புவது, எப்படித் திருப்பிக் கொண்டுவருவது என்பதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். அதனால் மாதாமாதம் பணம் போகும், ஆனால் சர்வர் செத்த அன்று போன் மணி அடிக்காது.

போன் சர்வரில் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. எக்ஸ்டென்ஷன், ட்ரங்க் (வெளி அழைப்புக்கான இணைப்பு), ஐவிஆர் ('1 அழுத்துங்கள்' என்று பேசும் வரவேற்பு) போன்ற அமைப்புகள் சில பத்து அல்லது நூறு மெகாபைட்டில் அடங்கும். ஆனால் ஒரு மணி நேரத்தில் திரும்ப வர வேண்டும். கால் ரெக்கார்டிங் நூற்றுக்கணக்கான கிகாபைட் வளரும்; ஆனால் இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் கடை நிற்காது. இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல் இருந்தாலே செலவு நன்றாகக் குறையும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தப் பிரிப்பின் மேல்தான் நிற்கின்றன.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சர்வரின் ரூட் பாஸ்வேர்டு. ஃப்ரீபிபிஎக்ஸ் அட்மின் உள்நுழைவு. சிப் (SIP, இணையம் வழியே பேசும் முறை) ட்ரங்க் தரும் நிறுவனத்தின் போர்ட்டலுக்கு உள்நுழைவு. இது முதலாளியின் பெயரில் இருக்கும், முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். ரௌட்டரின் பாஸ்வேர்டு. ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குடன் ஒரு பழைய கணினி, ராஸ்பெர்ரி பை, அல்லது சின்ன நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி). ரீஸ்டோர் (பேக்கப்பிலிருந்து திரும்ப ஏற்றுதல்) ஒத்திகைக்கு இன்னொரு கணினி, அல்லது விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) ஓடக்கூடிய லேப்டாப். டாலரில் கட்டணம் செலுத்தக்கூடிய வங்கி அட்டை.

சர்வருக்கு யூபிஎஸ் இல்லை என்றால் பேக்கப் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதை வாங்கச் சொல்லுங்கள். மின்சாரம் திடீரென்று போகும்போது டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருந்தால் அட்டவணை கெடும். கெட்ட டேட்டாபேஸை ஒவ்வொரு இரவும் ஒழுங்காக நகல் எடுத்து வைப்பதில் பயன் இல்லை.

1. சர்வர் விழுந்தால் அழைப்பு எங்கே போகும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ட்ரங்க் நிறுவனத்தின் போர்ட்டலில், சர்வர் பதில் சொல்லாவிட்டால் அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பும் வசதி பெரும்பாலும் இருக்கும். அதில் முதலாளியின் அல்லது வரவேற்பில் இருப்பவரின் மொபைல் எண்ணைப் போட்டுவிடுங்கள்.

இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. திருப்பிவிடும் வசதி இருந்தால் ரீஸ்டோர் செய்ய உங்களுக்கு அரை நாள் அவகாசம் கிடைக்கும். இல்லையென்றால் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார், அவசரத்தில் தப்பான கோப்பை ரீஸ்டோர் செய்வது அப்போதுதான். போட்டதும் சர்வரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, வெளியிலிருந்து ஒரு அழைப்பு போட்டுச் சோதியுங்கள். சில நிறுவனங்களில் இந்த வசதியை அவர்களே இயக்கித் தந்தால்தான் வேலை செய்யும்.

2. எதை எடுக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள்

சர்வரில் உள்ள முக்கியமான பகுதிகள்: ஆஸ்டரிஸ்க் என்ற பெயரில் இருக்கும் அமைப்பு டேட்டாபேஸ், அழைப்பு விவரங்கள் சேரும் சிடிஆர் டேட்டாபேஸ், ஐவிஆரில் பேசும் குரல் பதிவுகள், ஹோல்டில் ஒலிக்கும் இசை, வாய்ஸ்மெயில், போன்களுக்கு அமைப்பு கொடுக்கும் டிஎஃப்டிபி கோப்புகள், சான்றிதழ்கள், பிறகு 'மானிட்டர்' என்ற அடைவில் (ஃபோல்டரில்) ஆண்டு, மாதம், நாள் வாரியாகச் சேரும் ரெக்கார்டிங்.

கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் சிறியவை. ரெக்கார்டிங்கின் கணக்கைப் பாருங்கள். சாதாரண வேவ் வடிவத்தில் ஒரு மணி நேரப் பேச்சு சுமார் 58 மெகாபைட் ஆகும். 20 பேர் நாளுக்கு 2 மணி நேரம் பேசினால் 40 மணி நேரம். அதாவது நாளுக்கு 2.3 கிகாபைட், மாதத்துக்கு 50 கிகாபைட், ஆண்டுக்கு 600 கிகாபைட்.

அதே பேச்சை வேவ்49 என்ற வடிவத்தில் பதிந்தால் மணிக்கு 6 மெகாபைட்டுக்கும் குறைவு. ஆண்டுக்கு 600 இருந்தது 62 கிகாபைட் ஆகிவிடும். குரல் கொஞ்சம் தகரம் போல ஒலிக்கும். ஆனால் ஆர்டரில் யார் என்ன சொன்னார்கள் என்று தகராறு வந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள அது போதும். அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில் ரெக்கார்டிங் வடிவத்தை மாற்றுவது ஒரு நிமிட வேலை. செலவைக் குறைக்கும் படிகளில் இதற்கு இணையானது வேறு எதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. இருக்கிற பழைய ரெக்கார்டிங்கை உட்கார்ந்து புது வடிவத்துக்கு மாற்ற வேண்டாம். சிடிஆர் டேட்டாபேஸில் ஒவ்வொரு அழைப்புக்கும் எதிரே கோப்பின் முழுப் பெயர், கடைசி எழுத்துகள் உட்பட, எழுதியிருக்கும். கோப்பின் பெயர் மாறினால் அறிக்கைப் பக்கத்தில் அந்த அழைப்பை ஒலிக்கவிட முடியாது. இனிமேல் வருவது மட்டும் புது வடிவத்தில் சேரட்டும்.

3. சர்வருக்கு வெளியே இருப்பதைத் தாளில் எழுதுங்கள்

எவ்வளவு நல்ல பேக்கப் எடுத்தாலும் அதற்குள் வராத சில விஷயங்கள் உண்டு. ட்ரங்க் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண், உதவி மைய எண், எந்த ஐபி முகவரியிலிருந்து மட்டும் அழைப்பை ஏற்கிறார்கள் என்ற விவரம். ரௌட்டரில் திறந்துள்ள போர்ட்டுகள். சர்வரின் உள் ஐபி. டொமைன் பெயர் யார் கணக்கில் இருக்கிறது. போன் கருவிகளின் அட்மின் பாஸ்வேர்டு. விலை கொடுத்து வாங்கிய ஃப்ரீபிபிஎக்ஸ் மாட்யூல்களின் (கூடுதல் வசதிகளின்) லைசென்ஸ் விவரம். இவை பெரும்பாலும் இயந்திரத்தோடு கட்டப்பட்டிருக்கும், புது இயந்திரத்துக்கு மாற்ற விற்றவரிடம் கேட்க வேண்டியிருக்கும்.

இவற்றை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு, அலுவலகத்தில் இல்லாமல் முதலாளியின் வீட்டில் வையுங்கள். 7-ஆம் படியில் வரும் மறையாக்கப் பாஸ்வேர்டும் இதே உறைக்குள் போகும்.

4. ஃப்ரீபிபிஎக்ஸ் பேக்கப்பை அமையுங்கள்

அட்மின் மெனுவில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர்' போய் புது ஜாப் ஒன்றை உருவாக்குங்கள். மாட்யூல்கள் எல்லாவற்றையும் தேர்ந்தே விடுங்கள். எது தேவை, எது தேவையில்லை என்று பொறுக்கத் தொடங்கினால் ரிங் குரூப் (பல போன்கள் சேர்ந்து அடிக்கும் அமைப்பு) வந்து டைம் கண்டிஷன் (நேரத்தைப் பொறுத்து அழைப்பைத் திருப்பும் அமைப்பு) வராமல் போகும். ரெக்கார்டிங் அடைவை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஒவ்வொரு இரவும் முழு ரெக்கார்டிங்கையும் கட்டி, அதற்கே அதே அளவு காலி இடம் கேட்டு, ஒரு நாள் டிஸ்க் நிறைந்து நின்றுவிடும். டிஸ்க் நிறைந்தால் நிற்பது பேக்கப் மட்டுமல்ல, போனும்தான்.

சேமிக்கும் இடமாக ஃபைல்ஸ்டோரில் லோக்கல் அடைவைக் கொடுங்கள். நேரடியாக கிளவுட்டுக்கு அனுப்பும் வசதி அங்கேயே இருக்கிறது, ஆசையாகவும் இருக்கும். இருந்தாலும் முதலில் சர்வரிலேயே கோப்பு முழுமையாக உருவாகட்டும். அப்போதுதான் அளவு பார்த்துச் சரியா என்று சோதித்த பிறகு வெளியே அனுப்ப முடியும். பராமரிப்புப் பகுதியில் 7 நாளுக்கு மேல் பழையதை அழிக்கச் சொல்லிவிடுங்கள்.

கையால் எழுதிய கோப்புகள் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆஸ்டரிஸ்க் (ஃப்ரீபிபிஎக்ஸின் அடியில் அழைப்பை நடத்தும் மென்பொருள்) அடைவில் பெயரின் இறுதியில் 'கஸ்டம்' என்று முடிபவை, முன்பு வேலை பார்த்தவர் எழுதிவிட்டுப் போன ஏஜிஐ ஸ்கிரிப்ட் (அழைப்பின் நடுவே ஓடும் சின்ன நிரல்), இவற்றைத் தனியாக ஒரு டார் கோப்பாகக் கட்டுங்கள்.

கால நேரத்தை இந்தப் பக்கத்தில் கொடுக்க வேண்டாம். காரணம் அடுத்த படியில்.

5. எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்டில், ஒன்றன் பின் ஒன்றாக ஓட விடுங்கள்

இரவு 1 மணிக்கு பேக்கப், 1.30-க்கு கிளவுட்டுக்கு அனுப்புதல் என்று இரண்டு தனி நேரம் வைப்பது நான் அதிகம் பார்க்கும் தவறு. ஒரு நாள் பேக்கப் 40 நிமிடம் எடுக்கும். 1.30-க்கு பாதிக் கோப்பு மேலே போகும். யாருக்கும் தெரியாது.

ஒரே ஸ்கிரிப்டில் இந்த வரிசை இருக்கட்டும்: ஃப்ரீபிபிஎக்ஸின் எஃப்டபிள்யூகன்சோல் (fwconsole) கட்டளையால் பேக்கப் ஜாபை அதன் அடையாள எண் கொடுத்து ஓட்டுதல், கோப்பு உருவானதா, நேற்றைய அளவில் பாதிக்கும் கீழே இருக்கிறதா என்று சோதித்தல், சரியாக இருந்தால் அமைப்புக் கோப்பை அனுப்புதல், பிறகு ரெக்கார்டிங், கடைசியில் 'முடிந்தது' என்ற செய்தி. எந்தப் படி தோற்றாலும் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்க வேண்டும்.

ஓட்டும் நேரத்துக்கு கிரான் (லினக்ஸில் நேரம் குறித்து வேலையை ஓட்டும் பழைய முறை) வேண்டாம், சிஸ்டம்டி டைமரைப் பயன்படுத்துங்கள். நம் ஊருக்கு இது முக்கியம். லோட் ஷெடிங் குறைந்த காலத்திலும் கேபிள் திருட்டு, துணை மின்நிலையக் கோளாறு என்று மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இரவு 1 மணிக்கு சர்வர் அணைந்திருந்தால் கிரான் அந்த வேலையை மறந்தே போகும். டைமரில் 'பெர்சிஸ்டென்ட்' என்ற அமைப்பை இயக்கிவிட்டால், சர்வர் எழுந்ததும் தவறிய வேலையை ஓட்டும்.

மின்சாரம் திரும்பியதும் சர்வர் முதலில் எழும். ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் தயாராக இன்னும் சில நிமிடம் ஆகும். ஆகவே ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் இணையம் வரும்வரை காத்திருக்கும் ஒரு சுழற்சியைப் போடுங்கள்.

6. முதல் நகல்: கட்டிடத்துக்குள், இழுத்துக்கொள்ளும் முறையில்

நாஸ் அல்லது பழைய கணினி, போன் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாக வந்து ஆர்சிங் என்ற நகலெடுக்கும் கருவியால் கோப்புகளை எடுத்துக்கொள்ள வேண்டும். போன் சர்வர் நாஸுக்குள் எழுதக் கூடாது.

இணையத்தில் திறந்திருக்கும் போன் சர்வரை நாள் முழுக்க யாராவது தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் உள்ளே வந்துவிட்டால், அந்தச் சர்வரில் நாஸின் பாஸ்வேர்டு இருந்தால் பேக்கப்பையும் சேர்த்து அழித்துவிட்டுப் போவார். நாஸ் இழுத்துக்கொள்ளும் முறையில் போன் சர்வருக்கு நாஸ் இருப்பதே தெரிய வேண்டியதில்லை. போன் சர்வரில் இதற்கென்று படிக்க மட்டும் உரிமை உள்ள ஒரு பயனரை உருவாக்குங்கள். ரூட் கணக்கை இதற்குத் தராதீர்கள்.

இங்கே எல்லோரும் ஒரு முறை முட்டும் சுவர் ஒன்று உண்டு. ஃப்ரீபிபிஎக்ஸின் ஃபயர்வால், எஸ்எஸ்ஹெச் சாவி (பாஸ்வேர்டுக்குப் பதிலான உள்நுழைவுக் கோப்பு) சரியாக அமையாமல் நாஸ் சில முறை தவறாக உள்நுழைய முயன்றால் அதன் முகவரியைத் தடுத்துவிடும். பிறகு சாவியைச் சரிசெய்தாலும் இணைப்பு வராது. புதியவர்கள் சாவியையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாஸின் முகவரியை நம்பகப் பகுதியில் சேர்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

7. இரண்டாவது நகல்: ஊருக்கு வெளியே, பூட்டிய பிறகு

2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனில் கடைகளும் கிடங்குகளும் எரிந்தன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசூலு-நட்டாலில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சாலைகளும் கட்டிடங்களும் போயின. அலுவலகம் ஃபீனிக்ஸில், நகல் வெருலத்தில் உள்ள வீட்டில் என்பது போதாது. ஒரு நகல் மாகாணத்துக்கு வெளியே இருந்தே ஆக வேண்டும்.

எந்தக் கிளவுட்? பேக்பிளேஸ் பி2 சேவை 2023 அக்டோபரில் விலையை டெராபைட்டுக்கு மாதம் 6 டாலர் என்று வைத்தது. அந்த விலையில் 62 கிகாபைட்டுக்கு அரை டாலர்கூட ஆகாது. வசாபி ஒரு டெராபைட் விலையில் பேக்பிளேஸை ஒட்டியே வரும், ஆனால் குறைந்தது 1 டெராபைட்டுக்கான கட்டணம் கட்ட வேண்டும், 90 நாளுக்கு முன் அழித்தாலும் பணம் பிடிப்பார்கள். 60 கிகாபைட் வைத்திருக்கும் கடைக்கு அது பொருந்தாது. அமேசானின் கிளவுட்டான ஏடபிள்யூஎஸ்ஸுக்கு 2020 முதல் கேப் டவுனிலேயே மையம் உண்டு. தகவல் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று சொல்லும் வாடிக்கையாளருக்கு அது நல்லது, விலை கூடுதல். ஏடபிள்யூஎஸ்ஸின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் மலிவாகத் தெரியும். ஆனால் திருப்பி எடுக்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், 180 நாள் குறைந்தபட்சக் கட்டணமும் உண்டு. அமைப்புக் கோப்பை ஒருபோதும் அங்கே வைக்காதீர்கள்.

பெரும்பாலான சிறு கடைகளுக்கு நான் பேக்பிளேஸ்தான் அமைக்கிறேன். விலை டாலரில் என்பதால் ரான்ட் ஏறி இறங்கும்; வங்கியின் வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணத்தையும் சேர்த்து முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். விலைப் பட்டியலை அமைக்கும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் கருவி ஆர்க்ளோன். அதன் 'கிரிப்ட்' வசதி கோப்பைச் சர்வரிலேயே மறையாக்கி, பிறகுதான் அனுப்பும். இதைத் தவிர்க்கவே கூடாது. அமைப்புக் கோப்புக்குள் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனின் சிப் பாஸ்வேர்டும் ட்ரங்க் பாஸ்வேர்டும் அப்படியே படிக்கும்படி இருக்கும். அது வேறு கையில் சிக்கினால் உங்கள் கணக்கில் இரவெல்லாம் வெளிநாட்டு அழைப்பு ஓடும்.

கிளவுட்டில் இரண்டு தனி பக்கெட் (கோப்புகள் சேரும் தனி இடம்) உருவாக்குங்கள். ஒன்று அமைப்புக்கு, ஒன்று ரெக்கார்டிங்குக்கு. கிரிப்ட் கோப்புப் பெயரையும் மறைத்துவிடுவதால், எதை எப்போது அழிப்பது என்ற விதியைப் பெயரை வைத்து எழுத முடியாது. பக்கெட் வாரியாக எழுதுவது சுலபம்.

சர்வரில் வைக்கும் கிளவுட் சாவிக்குப் பட்டியலிட, படிக்க, எழுத மட்டும் உரிமை கொடுங்கள். அழிக்கும் உரிமை வேண்டாம். பழையதை அழிப்பது பக்கெட்டின் ஆயுள் விதி பார்த்துக்கொள்ளும். முழு உரிமையுள்ள தலைமைச் சாவி சர்வரில் எங்கேயும் இருக்கக் கூடாது.

8. ரெக்கார்டிங்கை அனுப்பும்போது

ஆர்க்ளோனில் 'காப்பி' என்ற கட்டளையும் 'சிங்க்' என்ற கட்டளையும் உண்டு. சிங்க் என்றால் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பொருள். டிஸ்க் நிறைகிறதே என்று சர்வரில் பழைய ரெக்கார்டிங்கை நீங்கள் அழித்தால், சிங்க் அன்று இரவே கிளவுட்டிலும் அழிக்கப் போகும். எப்போதும் காப்பி மட்டுமே.

15 நிமிடத்துக்கு மேல் பழையதான கோப்பை மட்டும் எடுக்கும்படி குறைந்தபட்ச வயது விருப்பத்தைக் கொடுங்கள். இல்லையென்றால் இன்னும் பேசிக்கொண்டிருக்கும் அழைப்பின் பாதிக் கோப்பு போகும்.

சர்வரிலிருந்து பழையதை அழிக்கும் முன் ஆர்க்ளோனின் 'கிரிப்ட்செக்' ஓட்டி, அங்கே இருப்பதும் இங்கே இருப்பதும் ஒன்றுதான் என்று பாருங்கள். பிறகு அழியுங்கள். அழித்தபின் சரிபார்க்க எதுவும் இருக்காது.

எத்தனை மாதம் வைப்பது என்பது தொழில்நுட்ப முடிவு இல்லை. 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கும் போபியா (தனிப்பட்ட தகவல் பாதுகாப்பு) சட்டத்தின்படி வாடிக்கையாளரின் குரலும் தனிப்பட்ட தகவலே. 14-ஆவது பிரிவு தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. 19-ஆவது பிரிவு பாதுகாப்பைக் கேட்கிறது. 72-ஆவது பிரிவு வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு நிபந்தனை வைக்கிறது. கிளினிக் என்றால் இன்னும் கவனம். நிறுவனத்தின் தகவல் அதிகாரியிடம் கால அளவை எழுத்தில் வாங்கி, அதையே பக்கெட்டின் ஆயுள் விதியாகப் போடுங்கள். நாஸிலும் அதே கணக்கு.

9. அழைப்பின் தரம் கெடாமல் அனுப்புதல்

சாதாரண ஜி.711 (குரலை அனுப்பும் பொதுவான வடிவம்) அழைப்பு ஒன்று ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு சுமார் 87 கிலோபிட் எடுக்கும். ஒரே நேரத்தில் 10 அழைப்பு என்றால் 1 மெகாபிட்டுக்குச் சற்றுக் குறைவு. அளவு சிறியதுதான். ஆனால் பேக்கப் முழு அப்லோடையும் பிடித்துக்கொண்டால் அந்தச் சிறிய அளவுக்கும் இடம் இருக்காது. "உங்க குரல் வெட்டி வெட்டி வருது" என்று வாடிக்கையாளர் சொல்லுவார்.

ஆர்க்ளோனில் நேர வாரியாக வேக வரம்பு வைக்கலாம். காலை 7 முதல் மாலை 7 வரை நொடிக்கு 250 கிலோபைட், இரவில் வரம்பில்லை என்று வையுங்கள். இது கிலோபைட் கணக்கு. இணைய நிறுவனம் விற்பது மெகாபிட் கணக்கு. 250 கிலோபைட் என்பது சுமார் 2 மெகாபிட். இந்த இரண்டையும் குழப்பி, எட்டு மடங்கு அதிக வரம்பு வைத்துவிட்டு ரௌட்டரைக் குறை சொல்பவர்கள் நிறைய. தவறிய பேக்கப் காலை 9 மணிக்கு ஓட நேர்ந்தாலும் இந்த வரம்பு அழைப்பைக் காக்கும்.

முதல் முறை அனுப்பும்போது பொறுமை வேண்டும். 10 மெகாபிட் அப்லோடில் மணிக்கு 4.5 கிகாபைட்தான் போகும். 200 கிகாபைட் பழைய ரெக்கார்டிங் இருந்தால், வேக வரம்பே இல்லாமல் 44 மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை தொடங்குங்கள்.

10. ஓடாத நாளில் உங்களுக்குத் தெரிய வேண்டும்

பேக்கப் தோற்றால் மெயில் வரும் என்பார்கள். சர்வரே அணைந்திருந்தால் யார் மெயில் அனுப்புவது? போன் சர்வர் நேரடியாக அனுப்பும் மெயில் பல நேரம் ஸ்பாமுக்குள்ளும் போய்விடும்.

ஆகவே தலைகீழாக வையுங்கள். ஹெல்த்செக்ஸ் போன்ற ஒரு சேவையில் இலவசக் கணக்கு திறந்து, ஸ்கிரிப்டின் கடைசி வரியில் அது தரும் இணைய முகவரியைத் திறக்கச் செய்யுங்கள்; இதுதான் 'தட்டல்'. 26 மணி நேரத்துக்குள் தட்டல் வராவிட்டால் அந்தச் சேவை உங்களுக்குச் செய்தி அனுப்பும். இந்த வரி ஸ்கிரிப்டின் கடைசியில் மட்டுமே இருக்க வேண்டும். முதலில் வைத்துவிட்டு, தோற்ற பேக்கப்புக்கும் பச்சை விளக்கு பார்த்துக்கொண்டிருந்த அலுவலகங்கள் உண்டு. நாஸின் நகலுக்குத் தனியாக இன்னொரு தட்டல்.

11. ரீஸ்டோர் ஒத்திகை

இதைச் செய்யாதவரை உங்களிடம் பேக்கப் இருப்பதாக முதலாளியிடம் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை மதியம், கடை மூடிய பிறகு நல்ல நேரம்.

விதி ஒன்று: உறையில் இருக்கும் தாளை மட்டும் வைத்துச் செய்யுங்கள். ஓடும் சர்வரிலிருந்து ஆர்க்ளோன் அமைப்பை நகலெடுத்து வந்து கோப்பைத் திறந்தால், அந்த ஒத்திகை எதையும் நிரூபிக்காது. சர்வர் எரிந்த நாளில் அந்த அமைப்பும் எரிந்திருக்கும். கிரிப்ட்டின் இரண்டு பாஸ்வேர்டில் ஒன்றை மட்டும் எழுதி வைத்திருப்பது இந்த இடத்தில்தான் வெளிப்படும்.

விதி இரண்டு: ஒத்திகை இயந்திரம் ட்ரங்க் நிறுவனத்தை எட்டவே கூடாது. ரீஸ்டோர் முடிந்த நொடியில் அந்த இயந்திரம் அதே பெயரிலும் பாஸ்வேர்டிலும் பதிவு செய்யும். வரும் அழைப்புகள் உண்மையான சர்வருக்குப் போகாமல், யாரும் எடுக்காத உங்கள் லேப்டாப்புக்குப் போகத் தொடங்கும். ஈமச்சடங்கு சேவைக்கு இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கோப்பை இறக்கிக்கொண்டு, மாட்யூல்களைப் புதுப்பித்த பிறகு, விர்ச்சுவல் இயந்திரத்தின் நெட்வொர்க்கை ஹோஸ்ட்-ஒன்லி (லேப்டாப்போடு மட்டும் பேசும் முறை) என்று மாற்றுங்கள். அதன் பிறகே ரீஸ்டோர் பொத்தான்.

புது இயந்திரத்தில் அதே ஃப்ரீபிபிஎக்ஸ் பதிப்பை அல்லது அதைவிடப் புதியதைப் போடுங்கள், பழையதில் ஏறாது. இன்னும் 16-ஆம் பதிப்பின் பழைய டிஸ்ட்ரோவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் அடியில் இருக்கும் சென்டோஸ் 7 இயங்குதளத்துக்கு 2024 ஜூன் 30-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. ஒத்திகையை டெபியன் 12-இல் ஓடும் 17-ஆம் பதிப்பில் செய்யுங்கள். பேக்கப் சோதனையும் ஆகும், மாற்றத்துக்கான ஒத்திகையும் ஆகும்.

ஏறிய பிறகு, உள்நுழைவுப் பக்கம் திறந்ததோடு திருப்தி அடையாதீர்கள். இரண்டு சாஃப்ட்போன்களை (கணினியிலோ மொபைலிலோ ஓடும் போன் செயலி) இரண்டு எக்ஸ்டென்ஷனில் பதிந்து ஒன்றிலிருந்து ஒன்றை அழையுங்கள். பிறகு 7777 அழுத்துங்கள். வெளியிலிருந்து அழைப்பு வந்தது போல நடிக்கும் எண் அது. ஆங்கிலத்திலும் சூலுவிலும் வரவேற்புக் குரல் கேட்கிறதா, 2 அழுத்தினால் கணக்குப் பிரிவுக்குப் போகிறதா என்று கேளுங்கள். குரல் பதிவு வராமல், எண் மட்டும் வேலை செய்து, அழைப்பவர் மௌனத்தைக் கேட்கும் நிலையை இந்தச் சோதனை மட்டுமே காட்டும். ஒரு வாய்ஸ்மெயிலைத் திறந்து கேளுங்கள். சிடிஆரில் மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு அழைப்பைத் தேர்ந்து, அதன் ரெக்கார்டிங்கைக் கிளவுட்டிலிருந்து இறக்கி அதன் இடத்தில் வைத்து, அறிக்கைப் பக்கத்திலேயே ஒலிக்கவிடுங்கள். கோப்பின் உரிமையாளர் ஆஸ்டரிஸ்க் பயனராக இல்லாவிட்டால் அது ஒலிக்காது.

தொடக்கம் முதல் 7777 வேலை செய்யும்வரை ஆன நேரத்தை உறைத்தாளில் எழுதுங்கள். முதலாளி கேட்கும்போது சொல்ல வேண்டிய எண் அதுதான்.

12. உண்மையான நாளில் மட்டும் வரும் சிக்கல்கள்

அதே அலுவலகத்தில் புது இயந்திரம் என்றால் பழைய உள் ஐபியையே அதற்குக் கொடுங்கள். போன்கள் எல்லாம் தாமாகவே திரும்பி வரும். ரௌட்டரில் அந்த முகவரி பழைய இயந்திரத்தின் மேக் எண்ணுக்கு (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) ஒதுக்கப்பட்டிருந்தால் அதை மாற்ற வேண்டும்; பலர் இங்கே அரை மணி நேரம் இழக்கிறார்கள்.

வேறு இடத்தில் ஏற்றுகிறீர்கள் என்றால் சிப் செட்டிங்ஸில் வெளி ஐபி முகவரியை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் மணி அடிக்கும், எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்கும். ட்ரங்க் நிறுவனம் ஐபி பார்த்து அனுமதிப்பதாக இருந்தால் அவர்களிடமும் புது ஐபியைப் பதிய வேண்டும். தாளில் உதவி மைய எண் எழுதச் சொன்னது இதற்காகத்தான். எல்லாம் சரியானதும் 1-ஆம் படியில் வைத்த மொபைல் திருப்பத்தை நீக்க மறக்க வேண்டாம். சில போர்ட்டல்களில் அது தானாக விலகாது.

13. பிறகு செய்ய வேண்டியவை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை. பெரிய மாற்றம் செய்யும் முன் கையால் ஒரு பேக்கப். சாவி தெரிந்த ஊழியர் விலகினால் அன்றே கிளவுட் சாவியையும் எஸ்எஸ்ஹெச் சாவியையும் மாற்றுங்கள். கிரிப்ட் பாஸ்வேர்டை மாற்றினால் பழைய கோப்புகள் பழைய பாஸ்வேர்டில்தான் திறக்கும் என்பதால் இரண்டையும் உறையில் வையுங்கள்.

டிசம்பர் நடுவில் கடைகள் மூடி ஜனவரியில் திறக்கும் வாரங்களைத் தனியாகக் கவனியுங்கள். விடுமுறைக்கான வரவேற்புக் குரலை மாற்றுவார்கள், டைம் கண்டிஷனை மாற்றுவார்கள், சிலர் மின்சாரம் மிச்சம் என்று நாஸை அணைத்துவிட்டுப் போவார்கள். மூடும் நாளுக்கு முந்தின மாலை, மாற்றம் எல்லாம் முடிந்த பிறகு ஸ்கிரிப்டைக் கையால் ஒருமுறை ஓட்டி, தட்டல் வந்ததைப் பார்த்துவிட்டு, எச்சரிக்கைச் செய்தி விடுமுறையில் யார் போனுக்கு வரும் என்பதை மாற்றி அமையுங்கள்.